துணைவரின் பெயர்

ஜூன் 3

தமயந்தி முழுகாமல் இருக்கிறாள். காலையில் போன் செய்து சொன்னாள். தோசைக்கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு ஓடினேன். எதிர்ச்சாரி டயர் கடைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டுத் திரும்பினால் தோசை கரியாகிக் கிடந்தது. இரண்டு மாதம் ஆகிறதாம். ஜனவரியில் பிரசவம்.

மாப்பிள்ளைக்கு நெதர்லாந்தில், ஐந்தோவன் என்கிற ஊரில் இன்ஜினியர் வேலை. போய் மூன்று வருடம் ஆகிறது.

"வாந்தி எடுத்தா தலையப் பிடிக்கக்கூட ஆள் இல்லம்மா" என்றாள்.

"நான் வர்றேன்."

"வந்து மூணு மாசம் இருப்ப. அப்புறம் விசா முடிஞ்சிரும், போயிருவ."

"அப்புறமும் இருப்பேன். ஒரு வழி இல்லாமலா போயிரும்?"

தமயந்தியின் அப்பா இறந்து ஒன்பது வருடமாக இந்தோனேசியாவின் இந்த மேடான் நகரத்தில் தனியாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் காரியம் முடியாமல் வெளியே வந்ததில்லை. நெதர்லாந்தும் ஓர் அலுவலகம்தானே, பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 5

இபு ரோஸ்மாவைப் பார்த்தேன். இபு என்றால் இங்கே அம்மா. படாக் இனத்துப் பெண்மணி. வீட்டிலேயே டச்சு வகுப்பு நடத்துகிறார், வெளிநாடு போகிறவர்களுக்கு வழியும் சொல்கிறார். அவர் பேசியது இந்தோனேசிய மொழியில். நான் தமிழில் எழுதுகிறேன்.

சுற்றுலா விசா கேட்டேன். தொண்ணூறு நாள்தான், ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் அடுத்த முறை கதவு திறக்காது என்றார். வேலை கேட்டேன். அந்த வேலைக்கு ஐரோப்பா முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டுமாம். குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்றால் சின்னப் பெண்களுக்கு மட்டும். படிப்பு என்று ஆரம்பித்தேன், அவர் என் நரைமுடியைப் பார்த்தார். நானே நிறுத்திக்கொண்டேன்.

"மகள் கூப்பிட்டால்?"

"பெற்றோருக்கென்று தனி வழி கிடையாது. மகள் துணை இல்லாமல் உங்களால் ஒரு நாள்கூட வாழ முடியாது என்று நிரூபிக்க வேண்டும். முடியுமா?"

சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையை நானே தோளில் தூக்கிக்கொண்டு போய்த்தான் அவர் வீட்டு வாசலில் இறக்கியிருந்தேன். இருவரும் அந்த மூட்டையைப் பார்த்தோம்.

"வேறென்ன இருக்கிறது?"

"துணைவர். அங்கே குடியுரிமை உள்ள ஒருவர் உங்களைத் தன் துணைவி என்று சொல்லிக் கூப்பிட வேண்டும். நீங்கள் ஜகார்த்தாவுக்குப் போய்த் தூதரகத்தில் டச்சு மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பிறகு அவர் அங்கே விண்ணப்பம் போடுவார். ஆனால் உறவு நிஜமாக இருக்க வேண்டும், இபு. நடிப்பு என்று தெரிந்தால் எல்லாம் போச்சு."

ஜூன் 6

அப்படி ஓர் ஆளை எனக்குத் தெரியும். வயிற்றுப்போக்குக்காரர்.

ஜூன் 8

போன வருடம் தோபா ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டத்தில் அவரும் வந்தார். பெயர் பஞ்சலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வருடமாக நெதர்லாந்தில் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நால்ட்வெய்க் என்ற ஊரில் கண்ணாடிப் பண்ணையில் குடமிளகாய் பறிக்கும் வேலை. வந்த இடத்தில் எதையோ தின்றுவிட்டு, எங்கள் கடைக்கு அடுத்த ஓட்டலில் மூன்று நாள் சுருண்டு கிடந்தார். கூட்டம் அவரை விட்டுவிட்டு ஏரிக்குப் போய்விட்டது. நான்தான் கஞ்சியும் ரசமும் கொடுத்தனுப்பினேன். ஊருக்குப் போன நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு குடமிளகாய்ப் படம் அனுப்புகிறார். நானும் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்புவேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

இன்று மாலை அவருக்குப் போன் செய்து விஷயத்தை நேராகச் சொன்னேன். எனக்கு மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பாடு வேண்டும். ஒரே வீடு, தனித்தனி அறை. ஊரறியக் கல்யாணம் செய்துகொள்வோம்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"நீங்கள் பகிடி விடுறியளோ?" என்றார்.

"இந்த வயசுல எனக்கு என்னங்க பகடி?"

"எனக்கு அறுபத்தொரு வயசு, பாருங்கோ."

"எனக்கு அம்பத்தொண்ணு. நான் சமைப்பேன், பாத்திரம் நீங்க கழுவணும். இப்பவே சொல்லிட்டேன்."

"ரெண்டு நாள் தாங்கோ. யோசிக்கோணும்."

கொடுத்தேன்.

ஜூன் 9

இரண்டு நாள் கேட்ட மனிதர் இன்றைக்கே கூப்பிட்டு "ஓம், எனக்குச் சம்மதம்" என்றார்.

ஜூன் 11

தமயந்தியிடம் சொன்னேன். ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

"யாருன்னே தெரியாத ஆளுக்குப் போயி கழுத்த நீட்டுவியா? எனக்காக நீ இப்படியெல்லாம் பண்ணாதம்மா."

"எல்லாம் ஒனக்காகத்தான்டி. ஒனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

அவளுக்கு இப்போது மனம் ஒரு நிலையில் இருக்காது. போகப் போகச் சரியாகிவிடுவாள்.

ஜூன் 20

வகுப்பு தொடங்கிவிட்டது. டச்சுக்காரப் பையன்களைக் காதலித்துவிட்டு நிற்கிற மூன்று சின்னப் பெண்கள், அவர்களோடு நான். என்னை "இபு" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தே காப்பியும் அடிக்கிறார்கள்.

என் பூட்டனாரை இந்தப் பக்கத்து டெலி புகையிலைத் தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரத் துரைமார்கள்தான். அவருக்கு மொழி தெரியுமா, எங்கள் பழக்கவழக்கம் தெரியுமா என்று அன்றைக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. கப்பலில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அவருடைய கொள்ளுப்பேத்தி அவர்கள் ஊருக்குப் போவதென்றால் மட்டும் தேர்வு. சரி, எழுதிக் காட்டுகிறேன்.

மொழி போக அந்த நாட்டு வழக்கங்களைப் பற்றியும் கேள்வி உண்டு. ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழலாமா? வாழலாம் என்பதுதான் சரியான பதில். எழுதும்போது அந்தச் சின்னப் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை.

ஜூலை 2

கல்யாணம் ஆகாதவள் அல்லது கணவனை இழந்தவள் என்பதற்குச் சான்று வேண்டும் என்றார் இபு ரோஸ்மா. பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கணினியைத் தட்டிப் பார்த்த பையன் முகம் மலர்ந்து, "வேலை சுலபம், இபு. உங்களுக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை" என்றான்.

மாரியம்மன் கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டிய கல்யாணம். அந்தக் காலத்தில் இங்கே பாதித் தமிழர்கள் பதிவு அலுவலகத்தின் பக்கமே போனதில்லை, தாலி கட்டினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். நாங்களும் அப்படித்தான். பத்தொன்பது வருடம் ஒருவருக்குச் சமைத்துப் போட்டு, நோயில் பார்த்து, கடைசியில் எரித்துவிட்டும் வந்திருக்கிறேன். அரசாங்கத்தின் கணக்கில் நான் கன்னிப்பெண். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது.

இதைப் பஞ்சலிங்கத்திடம் சொல்ல வேண்டுமே என்று இன்று முழுக்கக் கவலை. கல்யாணமே ஆகாதவளுக்குக் கல்யாணமான ஒரு மகள் என்றால் யாழ்ப்பாணத்து மனிதர் என்ன நினைப்பாரோ. மாலையில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதிஞ்சால்தானோ கலியாணம்? நீங்கள் சொன்னால் எனக்குக் காணும்" என்றார்.

நல்ல மனிதர்தான் போலிருக்கிறது.

ஜூலை 14

உறவைப் பற்றி விண்ணப்பத்தில் நிறையக் கேட்பார்களாம். எங்கே சந்தித்தீர்கள், யார் முதலில் கல்யாணப் பேச்சை எடுத்தது, என்ன பேசிக்கொள்வீர்கள் என்றெல்லாம். ஆகவே தினமும் அவருடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் போனில் தயார் செய்கிறோம். என் கடையில் அப்போது சாயங்கால வியாபாரம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பரோட்டா போடுகிறேன்.

அவருக்கு முருங்கைக்காய் பிடிக்கும், பாகற்காய் ஆகாது. நாயைக் கண்டால் பயம். முதல் முதலாகப் பனியைப் பார்த்தபோது யாரோ உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தாராம். மனைவி இறந்த பிறகு அந்த அம்மாவின் குளிர்கால பூட்ஸை இரண்டு வருடம் வாசலிலேயே விட்டு வைத்திருந்தாராம். அதைச் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. நான் பரோட்டாவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் அந்த விண்ணப்பத்தில் கேட்கமாட்டார்கள் என்று இபு ரோஸ்மா சொல்கிறார். கேட்டுவிட்டால்? தேர்வென்று வந்தபின் அரைகுறையாகத் தயார் செய்வது என் பழக்கமில்லை.

ஜூலை 30

அவருக்கு முதுகுவலி. குடமிளகாய்ப் பெட்டிகளைக் குனிந்து குனிந்து தூக்கினால் வராமல் என்ன செய்யும்? நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவச் சொன்னேன். தானே முதுகில் எப்படித் தடவிக்கொள்வார் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 4

நல்லெண்ணெய் தடவினாராம். முதுகில் பாதிக்குத்தான் கை எட்டியதாம்.

ஆகஸ்ட் 11

வாசிப்பு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாட்டு வழக்கக் கேள்விகளும் அப்படியே. பேச்சில் மட்டும் இன்று ஒரு சின்னத் தடங்கல்.

"உங்கள் துணைவரின் பெயர் என்ன?" என்று டச்சில் கேட்டார் இபு ரோஸ்மா.

"தெரியும். அடுத்த கேள்வி கேளுங்கள்."

"தெரிந்தால் சொல்லுங்கள்."

நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"அங்கே கணினி முன்னால் உட்கார்ந்து வாயால்தான் சொல்ல வேண்டும், இபு. எழுதிக் காட்ட முடியாது."

"அன்றைக்குச் சொல்லிக்கொள்வேன்" என்றேன். ஜூன் மாதத்தில் இதே கேள்விக்குப் பஞ்சலிங்கம் என்று பட்டென்று சொன்னீர்களே என்று அவர் வியந்தார். அன்றைக்குத் தொண்டை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 27, ஜகார்த்தா

விமானத்தில் வந்து தேர்வு எழுதியாயிற்று. வாசிப்பில் ஒன்றுகூடத் தவறாது. நாட்டு வழக்கத்தில் எல்லாம் படம் பார்த்தவுடனே தெரிந்தது.

பேச்சுத் தேர்வில் குளிர்சாதனம் அதிகம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே வசிக்கிறீர்கள், சொன்னேன். என்ன வேலை, சொன்னேன். துணைவரின் பெயர் என்ன என்று ஒரு பெண் குரல் கேட்டது. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்து மேசைகளில் முன்பின் தெரியாத ஆண்கள் வேறு உட்கார்ந்திருந்தார்கள். திரை மாறிவிட்டது. அடுத்த கேள்வி வந்தபோது நான் இன்னும் முந்தின கேள்வியிலேயே இருந்தேன். அதற்கடுத்ததும் அப்படியே போனது.

எப்படி எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். பிரமாதம் என்றேன்.

அக்டோபர் 1

முடிவு வந்துவிட்டது. வாசிப்பிலும் நாட்டு வழக்கத்திலும் தேறிவிட்டேன். பேச்சில் இல்லை. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதினால் போதும். அக்டோபர் 28ஆம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டேன். இந்த முறை சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் போவேன்.

அக்டோபர் 6

தமயந்தி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"அம்மா, நாங்க சிங்கப்பூருக்கே வந்துர்றோம். அவரோட கம்பெனியில அங்க ஒரு வேலை காலியா இருந்துச்சு, கேட்டு வாங்கிட்டோம். டிசம்பர் மொதல் வாரம் கெளம்புறோம். பிரசவமே அங்கதான். மேடான்லேருந்து ஒரு மணி நேரம்மா! விசாகூட வேணாம் ஒனக்கு."

"நல்லதாப் போச்சு" என்றேன்.

"இனிமே நீ டச்சு படிக்க வேணாம். அந்த ஆளக் கட்டிக்கவும் வேணாம். இத்தன நாளா எனக்கு அதுதாம்மா உறுத்தல்."

"ஆமாமா. நல்லதாப் போச்சு."

உண்மையில் நல்லதுதான். பேரப்பிள்ளை ஒரு மணி நேரத் தூரத்தில். இதைவிட ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்? இன்று சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 8

வகுப்புக்குப் போனேன். பாதியில் நின்றால் இபு ரோஸ்மாவுக்கு வருத்தமாக இருக்கும்.

அக்டோபர் 11

அவரிடம் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதே தப்பு. மகள் சிங்கப்பூர் வருகிறாள் என்றேன். சந்தோஷம் என்றார். பிள்ளைப்பேறு நல்லபடியா நடக்கோணும் என்றார். பிறகு அந்தப் பக்கம் பண்ணையில் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை" என்றார்.

அது கேள்வியா, அவருடைய முடிவா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. என்னட்டச் சொன்ன சொல்லுக்காண்டி வரவேண்டாம்" என்றார்.

சரி என்று போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12

குடமிளகாய்ப் படம் வரவில்லை.

அக்டோபர் 15

வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். எனக்கும்தான் வேலை அதிகம். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் போனை எதற்கு வைத்திருக்கிறீர்கள், எண்ணெய் தெறிக்கிறதே என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அவருக்குத் தன் பரோட்டாவைப் பார்க்கத் தெரியாதா?

அக்டோபர் 19

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மாலையில் தமயந்தி கூப்பிட்டாள். சிங்கப்பூரில் பார்த்திருக்கும் வீட்டைப் பற்றிப் பேசினாள். எத்தனையாவது மாடி, பக்கத்தில் எந்தச் சந்தை என்றெல்லாம் சொன்னாள். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அந்த விஷயத்தச் சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"அவருகிட்டத்தான்."

"எவருகிட்ட?"

"என்னடி கேக்கற, அவருகிட்டதான். நால்ட்வெய்க்ல இருக்காருல்ல."

"பேரச் சொல்லு."

"ஒனக்குத் தெரியாதா பேரு?"

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

கடையில் ஆட்கள் இருந்தார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். வாயைத் திறந்தேன். சுவரைப் பார்த்தேன். வரவில்லை.

"அம்மா" என்றாள் தமயந்தி. குரல் மாறிவிட்டது. "அப்பா பேர நீ ஒரு நாளும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணறப்ப நர்ஸ் பேரு கேட்டாங்க. நான்தானே சொன்னேன். எனக்கு அப்ப பதினேழு வயசு."

உள் கதவைச் சாத்தினேன்.

"ஜூன்ல பஞ்சலிங்கம் பஞ்சலிங்கம்னு மூச்சுக்கு மூச்சு சொன்ன. வயித்துப்போக்குக்காரருன்னு கிண்டல் பண்ணுன. எப்பலேருந்தும்மா அவரு ‘அவரு’ ஆனாரு?"

இந்த ஐம்பத்தொரு வயதில், பெற்ற மகளிடமே இப்படி மாட்டிக்கொள்வேன் என்று நான் நினைக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆமாண்டி" என்றேன். "எனக்கு அவரோட இருக்கணும்போல இருக்கு. மொதல்ல ஒனக்காகத்தான் கேட்டேன், பொய் சொல்லல. இப்ப ஒனக்காக இல்ல. எனக்காக."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி.

"இத நீ ஏம்மா மொதல்லயே சொல்லல? நீ எனக்காகத் தெரியாத ஒருத்தருக்குக் கழுத்த நீட்டப்போறேன்னு நெனச்சுத்தான் நான் ஒன் மாப்பிள்ளைய நச்சரிச்சு சிங்கப்பூர் வாங்கினேன். எனக்கு இந்த ஊரு பிடிச்சிருந்துச்சும்மா. எனக்கு இங்க சிநேகிதிங்க இருக்காங்க."

எல்லாம் உனக்காகத்தான் என்று நான்தான் நான்கு மாதமாக ஓதினேன். அதை நம்பி என் மகள் பிடித்த ஊரையே விட்டுக் கிளம்பிவிட்டாள். இனி மாற்ற முடியாது, மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் இங்கே வருகிறாள், நான் அங்கே போகப் பார்க்கிறேன். என்னுடைய கெட்டிக்காரத்தனம் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். மகளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள்: "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மொதல்ல அவருகிட்டச் சொல்லு. இல்ல, மொதல்ல போயி பரிச்சை எழுது. தேறாம அவருகிட்டச் சொல்லி என்ன பண்ணப்போற?"

என் பெண் அல்லவா? காரியக்காரி.

அக்டோபர் 28, ஜகார்த்தா

கஷாயம் குடிக்கவில்லை. தொண்டைக்கு அன்றைக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கும் ஒன்றுமில்லை.

எங்கே வசிக்கிறீர்கள், சொன்னேன். பிள்ளைகள் இருக்கிறார்களா, சொன்னேன். நான் எதிர்பார்த்த கேள்வி வரவே இல்லை. அதற்குப் பதிலாக, நெதர்லாந்தில் யாருடன் வசிப்பீர்கள் என்று கேட்டது அந்தக் குரல். பெயரைச் சொல்லாமலே தப்பித்திருக்கலாம். என் துணைவருடன் என்று சொன்னால் போதும், முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

பஞ்சலிங்கத்துடன் என்றேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டேன். காது சூடாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபடியே அவருக்குப் போன் செய்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று யோசிக்கவே இல்லை.

"உங்க பேரச் சொல்லிட்டேன்" என்றேன்.

"என்ன?"

"பரிச்சையில. போன தடவ அதுனாலதான் பெயிலாப் போனேன். குளிர்னு சொன்னது பொய்."

"நீங்கள்... இன்னும் சோதினை எழுதுறியளோ? ஏன்?"

"ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? மகளுக்காக இல்ல. அவ சிங்கப்பூர் போறா. பிரசவத்துக்கு ஜனவரியில நான் அங்க போயி ரெண்டு மாசம் இருப்பேன். அதுக்கப்புறம் அங்க வர்றேன். ஒங்களுக்குச் சம்மதமா, அதச் சொல்லுங்க."

அவர் ஏதோ பெட்டியைக் கீழே வைத்தார்.

"படம் ஒவ்வொரு நாளும் எடுத்தனான். அனுப்பத்தான் இல்லை" என்றார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குடமிளகாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

நவம்பர் 25

பேச்சிலும் தேறிவிட்டேன். அவர் நாளைக்கே விண்ணப்பம் போடுகிறார். முடிவு வர மூன்று மாதம் ஆகலாம் என்கிறார் இபு ரோஸ்மா. உறவு நிஜமா என்று துருவிக் கேட்பார்களாம். கேட்கட்டுமே.

கடையை என்ன செய்வது என்றும் முடிவு செய்துவிட்டேன். என்னிடம் பத்து வருடமாக மாவு பிசைகிற முனியம்மா எடுத்து நடத்துகிறாள். சாம்பார் பொடி அளவு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நவம்பர் 30

சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கூப்பிட்டார்.

"நேற்று உங்கட மகள் வந்தவ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியவள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு ரயிலும் பஸ்ஸுமாக மாறி அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எதுக்கு வந்தா?"

"தன்ர குளிர்க் கோட்டு ஒண்டு உங்களுக்கெண்டு கொண்டந்தவ. சிங்கப்பூரில அது தேவையில்லையாம். வீடெல்லாம் பாத்தவ. குளிர்சாதனப் பெட்டியத் திறந்து பாத்தவ. குளிக்கிற அறையில வழுக்குது, கம்பி பூட்டுங்கோ எண்டவ. நான் பிட்டும் முட்டைப் பொரியலும் குடுத்தன், சாப்பிட்டவ."

"நல்லாச் சாப்பிட்டாளா?"

"ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவ. பிறகு ஒரு கேள்வி கேட்டவ."

"என்ன கேட்டா?"

"எங்கட அம்மாவ ஏன் கட்டுறியள் எண்டு."

பரோட்டாவைத் திருப்ப மறந்து நின்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல வெக்கமாக் கிடக்கு."

"சொல்லுங்க."

"நீங்கள் போனை வைச்சாப் பிறகு இந்த வீட்டில ஒரு சத்தமும் இல்லை எண்டன். முந்தியும் இல்லைத்தான். ஆனா முந்தி எனக்கு அது தெரியேல்லை எண்டன்."

அடுப்பை அணைத்தேன்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. கொஞ்சம் அழுதவ. கோட்டைத் தந்திட்டு, அம்மாவுக்கு என்னைவிடக் கை நீளம், கையைக் கொஞ்சம் இறக்கித் தையுங்கோ எண்டவ."

அவருக்குப் பஸ் வந்துவிட்டது. அவர்தான் முதலில் போனை வைத்தார். நான் போனைக் கையில் பிடித்தபடி கல்லுக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். முந்தானையால் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. முன்வரிசை மேசையில் பரோட்டாவுக்குக் காத்திருந்த லாரி டிரைவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னாச்சுக்கா? ஏன் அழுவுறீங்க? வீட்ல யாருக்காச்சும் எதாச்சுமா?"

மொத்தக் கடையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். "எனக்குக் கல்யாணம்."